சித்த மருத்துவத்துக்குக் குறியீடு எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சித்த மருத்துவர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து நோய்ப் பெயர்களைக் கணினிக்கு ஏற்றபடி அடுக்கிக்கொண்டிருக்கும் தரவு வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஜனவரி 10 அன்று புதுடெல்லியில் உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டின் இரண்டாவது பாரம்பரிய மருத்துவத் தொகுதியை வெளியிட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றின் நோய்நிலைகளும் அதில் இடம்பெற்றன. அதற்கு முன்பே, 2017இல், ஆயுஷ் அமைச்சகம் நமஸ்தே தளத்தின் வழியாக இம்மூன்றுக்கும் தேசியக் குறியீடுகளைத் தந்திருந்தது. இப்போது அடுத்த வேலை நடக்கிறது. நமஸ்தே குறியீட்டை ஐசிடியோடு இணைப்பது, ஐசிடியை ஸ்னோமெட் என்ற மருத்துவச் சொற்தொகுதியோடு பொருத்துவது, எல்லாவற்றையும் ஒரே மின்னணு மருத்துவப் பதிவுக்குள் கொண்டுவருவது.

மருத்துவத் தரவுத் துறையில் வேலை பார்ப்பவள் நான். தத்துவமும் படிப்பவள். உங்கள் வேலையின் அருமை தெரியும். ஓர் ஊர்ச் சித்தப் பிரிவில் என்ன நோய் எத்தனை பேருக்குக் கணிக்கப்பட்டது என்பதை இன்னோர் ஊரோடு ஒப்பிட வழியில்லாமல் ஒரு மருத்துவமுறை தன்னைத் தானே சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே குறியீடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. இத்துறையில் நாம் எல்லோரும் 'ஆன்டாலஜி கட்டுகிறோம்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைத் தத்துவத்திலிருந்து எடுத்துக்கொண்டபோது அதனுள் இருந்த கேள்வி மாறிப்போனது. மாறியது தெரியாமல் வேலை செய்தால் சித்த மருத்துவத்துக்குத்தான் சேதம் அதிகம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தத்துவத்தில் ஆன்டாலஜி கேட்கும் கேள்வி: உண்மையில் எவை இருக்கின்றன? நாம் பேசினாலும் பேசாவிட்டாலும், எழுதிவைத்தாலும் வைக்காவிட்டாலும் இருக்கிறவை எவை, அவை எத்தனை வகை? அரிஸ்டாட்டில் பத்து வகை சொன்னார். இந்தியத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர்கள் ஆறு சொன்னார்கள். மணிமேகலையில், வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையை உரைக்கும் காதையில், வைசேடிகவாதி அந்த ஆறையும் அடுக்குகிறான்: பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம். அது யாருடைய வசதிக்காகவும் போட்ட பட்டியல் கிடையாது. உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று ஒருவன் சபையில் நின்று சொல்வது. தவறென்றால் எதிர்வாதி மறுக்கலாம்.

கணினியில் நிலைமை வேறு. 1993இல் கணினி அறிஞர் டாம் குரூபர் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன: ஒரு துறையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்தாக்கத்தை வெளிப்படையாக, விதிகளோடு எழுதிவைப்பதே ஆன்டாலஜி. இங்கே 'இருப்பது' என்றால் அந்த அமைப்புக்குள் குறிக்கப்படக் கூடியது, அவ்வளவுதான். ஒரு மருத்துவமனை மென்பொருளில் 'ஐசியூ படுக்கை 7' என்று ஒன்று இருக்கும். கட்டிலை மாற்றுவார்கள், மெத்தையை மாற்றுவார்கள், பக்கத்து அறைக்கே தள்ளிவிடுவார்கள். படுக்கை 7 அதே படுக்கை 7 தான். நோயாளி எங்கே என்று செவிலியருக்குத் தெரிய வேண்டும், பில் சரியாகப் போக வேண்டும். அது நடந்தால் அந்த ஆன்டாலஜி நல்ல ஆன்டாலஜி. 'உண்மையில் அதே படுக்கையா?' என்று தத்துவ மாணவி கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மென்பொருள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை.

தத்துவத்தின் ஆன்டாலஜி உண்மையா என்று சோதிக்கப்படுகிறது. கணினியின் ஆன்டாலஜி பயன்படுகிறதா என்று சோதிக்கப்படுகிறது. தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னாப் 1950இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு நெருக்கமான பிரிப்பைச் செய்தார். ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு அதற்குள் 'இது இருக்கிறதா' என்று கேட்பது ஒன்று; அந்தச் சட்டகம் பேசுகிற பொருள்களே உண்மையில் இருக்கின்றனவா என்று வெளியே நின்று கேட்பது வேறொன்று. இரண்டாவதை, எந்தச் சட்டகத்தை எடுத்தால் வேலை நடக்கும் என்ற நடைமுறைக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். இன்னொரு தத்துவ அறிஞரான குவைன் அதை ஏற்கவில்லை, இப்படிச் சுத்தமாகப் பிரிக்க முடியாது என்றார். அந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. கணினி ஆன்டாலஜி கட்டுகிறவர்கள் அனைவரும், தெரிந்தோ தெரியாமலோ, கார்னாப் வீட்டுக்குள் குடியிருக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

நவீன மருத்துவ வகைப்பாடே இதற்குச் சாட்சி. ஸ்ட்ரோக் என்ற மூளை இரத்தக்குழாய் நோயை ஐசிடி-10 இரத்த ஓட்ட மண்டல நோய்களின் அத்தியாயத்தில் வைத்திருந்தது. ஐசிடி-11 அதை நரம்பு மண்டல நோய்களுக்கு மாற்றியது. எந்த நோயாளியின் மூளையிலும் அந்த மாற்றத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு நாடு புதிய பதிப்புக்கு மாறும் ஆண்டில், இரத்த ஓட்ட நோய்ச் சாவுகளின் எண்ணிக்கை, ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைக்காமலே குறைந்து காட்டும். அதைவிடக் கனமான உதாரணமும் உண்டு. ஐசிடி-9இல் ஒருபாலீர்ப்பு மனநோய்களில் ஒன்றாக எண்ணோடு நின்றது. 1990 மே மாதம் உலக சுகாதார மன்றம் ஐசிடி-10ஐ ஏற்றபோது அது நீங்கியது. அந்த எண் இருந்த காலத்தில் அப்படியொரு நோய் இருந்தது, பிறகு மறைந்தது என்று எவரும் சொல்ல முடியாது. நோய் என்றைக்குமே இல்லை. எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணைக் காட்டி மனிதர்களுக்குச் 'சிகிச்சை' என்ற பெயரில் செய்யப்பட்டவை மட்டும் உண்மை.

நிலத்தில் ஓடும் சர்வே எல்லையைப் போன்றது இது. மண்ணைத் தோண்டினால் கோடு கிடைக்காது. ஆனால் கிரயம், பாகப்பிரிவினை, வழக்கு எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கின்றன. பட்டாவில் உள்ள எல்லையை மலை விளிம்பு, ஆற்றங்கரை போன்ற இயற்கை எல்லை என்று நினைத்துக்கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இனி சித்த மருத்துவத்துக்கு வருகிறேன்.

நீங்கள் குறியீடு எழுதுகிற பொருளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சித்த மருத்துவம் தானே ஓர் ஆன்டாலஜியின் மேல், தத்துவப் பொருளில் ஓர் ஆன்டாலஜியின் மேல், கட்டப்பட்டது. மாணவர்கள் முதலாண்டில் படிப்பது தொண்ணூற்றாறு தத்துவங்களை. ஐம்பூதங்களில் தொடங்கி உடல், கருவி, மலம், நிலை என்று விரிந்து போகும் அந்தப் பட்டியல், மனிதன் என்பவன் எவற்றால் ஆனவன் என்பதற்கான முழு விடையாகவே சொல்லப்பட்டது. அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில் உள்ளது என்பது உலகத்தைப் பற்றிய கூற்று. வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) மூன்றும் உயிர்த்தாதுக்கள். அவை ஒரு குறிப்பேட்டுக்கான தலைப்புகள் என்று எந்த ஆசானும் சொல்லித்தந்ததில்லை. உடலை இயக்குபவை, கூடினாலும் குறைந்தாலும் நோய் செய்பவை என்றே சொல்லித்தந்தார்கள்.

ஆகவே நீங்கள் செய்வது, முதல் வகை ஆன்டாலஜி ஒன்றை இரண்டாம் வகை ஆன்டாலஜிக்குள் வைப்பது. வைக்கும்போது இரண்டு பக்கமும் கசிவு ஏற்படலாம்.

முதல் கசிவு: குறியீடு கிடைத்ததும் இருப்பு நிரூபணமாகிவிட்டது என்று பேசத் தொடங்குவது. 'வாதம், பித்தம், கபம் இருப்பதை உலகம் ஒப்புக்கொண்டது' என்ற தொனியில் மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் பேசக் கேட்கிறோம். பாரம்பரிய மருத்துவ அத்தியாயத்தைப் பயன்படுத்துவது நாடுகளின் விருப்பம் என்றும், ஒரு நிலையை அதில் சேர்ப்பது அந்த மருத்துவமுறையின் அறிவியல் உண்மைக்கோ சிகிச்சைப் பலனுக்கோ சான்றளிப்பதாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எண்ணுவதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. எதிர்த்தரப்பு செய்வதும் இதே தவறுதான். 'நிரூபிக்கப்படாத ஒன்றுக்கு எதற்குக் குறியீடு?' என்று கோபப்படுகிறவர்களும் குறியீடு என்றால் இருப்புச் சான்றிதழ் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நாட்டில் லட்சக்கணக்கானோர் சித்த மருத்துவரிடம் போகிறார்கள், அங்கே ஒரு கணிப்பு எழுதப்படுகிறது. அந்தக் கணிப்பு எழுதப்பட்டது என்பது உலகில் நடந்த நிகழ்ச்சி. உயிர்த்தாது உண்டா இல்லையா என்று முடிவு கட்டும்வரை அந்த நிகழ்ச்சியை எண்ணாமல் இருக்க வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இல்லை.

இரண்டாவது கசிவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அது சத்தமில்லாமல், ஃபைலுக்குள் நடக்கும்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பியல் மருத்துவமனை வாசலில் இருந்து நாட்டு வைத்தியர் திண்ணை வரை தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் பெயர். சித்த நூல்களில் அது வாத நோய்களுள் ஒன்று. மென்பொருளில் பொருத்திவைக்க உட்காரும் இளைஞருக்கு எதிரே 'ஸ்ட்ரோக்' என்ற ஐசிடி பதிவு இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று ஒரு வரி எழுதுவது மிகவும் எளிது. ஆனால் பக்கவாதம் என்று சொல்லும்போது நாம் காண்பது உடலின் ஒரு பக்கம் செயலிழந்து நிற்பதை. ஸ்ட்ரோக் என்பது மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதை அல்லது வெடித்ததைச் சொல்கிறது. கை கால் விழாத ஸ்ட்ரோக் உண்டு. மூளைக் கட்டியால், தலைக் காயத்தால் ஒரு பக்கம் விழுந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்ட்ரோக் வந்ததில்லை. அதோடு, சித்தக் கணிப்பில் வளியின் கேடு என்ற காரணமும் சேர்ந்தே அந்த நோயின் இலக்கணமாகிறது. காரணத்தை எடுத்துவிட்டு அறிகுறியை மட்டும் வைத்தால் அது சித்த மருத்துவத்தின் பக்கவாதமாக இருக்காது.

ஆவுல் எனப்படும் ஆன்டாலஜி மொழியில் 'சேம்ஆஸ்' என்று ஓர் உறவு இருக்கிறது. அதன் பொருள் முழு ஒருமை: இரண்டு பெயர், ஒரே பொருள். அதை எழுதிவிட்டால் கணினி தயங்காது. ஒன்றுக்குச் சொன்ன எல்லாப் பண்புகளையும் மற்றதற்கும் ஏற்றிவிடும். ஸ்ட்ரோக்குக்கு 'காரணம்: வளிக் கேடு' என்று ஏறும். பக்கவாதத்துக்கு 'காரணம்: இரத்தக்குழாய் அடைப்பு' என்று ஏறும். இரண்டு மருத்துவமுறைகளிலும் எவரும் சொல்லாத இரண்டு வாக்கியங்கள் தரவுத்தளத்தில் உண்மைகளாக உட்கார்ந்துவிடும். பிறகு அந்தத் தரவில் பயிற்சி பெறும் மென்பொருள் எதுவும் அவற்றைச் சந்தேகிக்காது.

இந்தத் தவறைத் தவிர்க்க வழி ஏற்கெனவே இருக்கிறது. 2009இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட ஸ்காஸ் தரநிலை, கிட்டத்தட்டப் பொருந்துவது, விரிந்தது, குறுகியது, தொடர்புடையது என்று பொருத்தத்தைப் பல படிகளாகப் பிரித்துச் சொல்ல இடம் தருகிறது. ஐசிடி-11ம் பாரம்பரியக் குறியீட்டை வழக்கமான குறியீட்டோடு சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவே வழி வைத்திருக்கிறது. ஒன்றை மற்றதற்குள் கரைக்கச் சொல்லவில்லை. கீல்வாயுவில் வளிக் கீல்வாயு, அழல் கீல்வாயு, ஐயக் கீல்வாயு என்று தாதுவை வைத்துப் பிரிக்கும்போது அந்தப் பிரிப்பு எலும்பியல் மருத்துவரின் பிரிப்போடு ஒட்டாது. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஒட்டாமையைப் பதிவு செய்யுங்கள். எங்கே ஒட்டவில்லை என்பதுதான் பிற்கால ஆராய்ச்சியாளருக்கு மிக விலையுள்ள தகவல்.

இதே தகராறு நவீன மருத்துவத்துக்குள்ளும் நடந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவச் சொற்தொகுதிகள் மருத்துவர்களின் கருத்துகளைப் பிடிக்க வேண்டும் என்பது மருத்துவத் தகவலியல் அறிஞர் ஜேம்ஸ் சிமினோ போன்றவர்களின் நிலைப்பாடு. பேரி ஸ்மித் என்ற தத்துவ அறிஞர் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆன்டாலஜி என்ற பெயரை வைத்துக்கொண்டால் அது உலகில் உள்ளவற்றையே பிரதிபலிக்க வேண்டும், நம் தலைக்குள் இருப்பவற்றை அடுக்கி வைத்தால் போதாது என்றார். ரத்து செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை ஒருவகை அறுவைச் சிகிச்சை ஆகுமா? ஆகாது, ஆனால் பதிவேட்டில் அது இருந்தே ஆக வேண்டும். ஸ்னோமெட் இப்படிப்பட்டவற்றை, செய்யப்படாத சிகிச்சை, குடும்பத்தில் இருந்த நோய் போன்றவற்றை, 'சூழலோடு கூடிய நிலை' என்று தனிக் கிளையில் வைக்கிறது. ஸ்மித்தும் அவர் நண்பர்களும் 2009இல் இன்னும் ஒரு படி முன்னே போய், உடற்கோளாறு வேறு, நோய் வேறு, நோயின் போக்கு வேறு, நோய்க்கணிப்பு வேறு என்று பிரித்தார்கள். கணிப்பு என்பது ஒரு மருத்துவர் எட்டிய முடிவு. அது ஒரு தகவல்; நோய் இல்லாமலே கணிப்பு இருக்கலாம்.

நான் ஸ்மித்தின் கொள்கையை முழுவதும் ஏற்பவள் இல்லை. வேலையில் இருக்கும் எவரும் சிமினோவின் கஷ்டத்தை உணர்வார்கள். ஆனாலும் இந்தப் பிரிப்பு உங்களுக்கு மிகவும் உதவும் என்று நம்புகிறேன். சித்த மருத்துவத்தின் எட்டு வகைப் பரிசோதனையான எண்வகைத் தேர்வில் நாடி பார்த்து 'பித்த நாடி' என்று ஒரு மருத்துவர் எழுதுகிறார். இந்த நாளில், இந்த நோயாளியிடம், இந்த மருத்துவர் இப்படிக் கண்டார் என்பதைத் தரவாக்குங்கள். அதை நாத்திகரும் மறுக்க மாட்டார், ஆசானும் மறுக்க மாட்டார். பித்தம் என்பது உலகில் எத்தகைய பொருள் என்ற கேள்வி அப்படியே திறந்திருக்கும். அது திறந்திருப்பது சித்த மருத்துவத்துக்கு நல்லது. இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியிடம் ஒரே நாடியைக் காண்கிறார்களா என்று நாளைக்குச் சோதிக்க இந்த வகைத் தரவுதான் கைகொடுக்கும்.

தத்துவம் தொழில்நுட்பத்துக்கு நேரடியாகக் கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. இன்மை. வைசேடிகர்கள் பிற்காலத்தில் ஆறோடு அபாவத்தை ஏழாவதாகச் சேர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகம் என்ற வடமொழித் தருக்க நூலைத் தமிழில் தந்ததால் இந்த விவாதம் நம் மொழியிலேயே கிடைக்கிறது. இனித் தோன்றப்போவதன் இன்மை முன்னபாவம். இருந்து அழிந்ததன் இன்மை அழிவுபாட்டபாவம். ஒருபோதும் இல்லாமை என்றுமபாவம். ஒன்று மற்றொன்று அன்று என்பது ஒன்றினொன்றபாவம். இன்னும் பல் முளைக்காத குழந்தை, பித்தப்பையை அறுத்தெடுத்த நோயாளி, பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர் என்று வைத்துப் பாருங்கள். மருத்துவப் பதிவேட்டுக்கு இந்த வேறுபாடுகள் அப்படியே தேவைப்படுகின்றன. நான்காவதைத்தான் நாம் ஆவுலில் 'இந்த இரு வகுப்புகளுக்கும் பொது உறுப்பினர் இல்லை' என்று எழுதுகிறோம்.

ஆனால் பதிவேட்டில் இன்னொன்று இருக்கிறது, அது இந்த நான்கிலும் அடங்காது: கேட்கவே இல்லை. 'ஒவ்வாமை' என்ற கட்டம் காலியாக இருந்தால், ஒவ்வாமை இல்லை என்று பொருளா, யாரும் கேட்கவில்லை என்று பொருளா? சாதாரண டேட்டாபேஸ் காலியானதை இல்லை என்று படிக்கும். ஆவுல், சொல்லப்படாதது தெரியாதது என்று மட்டும் படிக்கும். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஃபயர் தரநிலையில் 'கேட்கவில்லை', 'கேட்டோம், தெரியவில்லை' என்று தனித்தனியே எழுத இடம் உண்டு. இது அறிவின் இன்மை; பொருளின் இன்மை வேறு. சித்தப் பதிவுகளில் இது இன்னும் முக்கியம். நோயாளி எந்த நிலத்தவர், எந்தப் பெரும்பொழுதில் நோய் கண்டது என்பவை கணிப்பில் பங்கு கொள்பவை. பெரும்பாலான மென்பொருள்களில் அவற்றுக்குக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததால் அந்தத் தகவல் பொருட்டில்லை என்று பின்னால் வருகிறவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். நூலில் உள்ள ஒரு கொள்கை, மென்பொருளில் ஒரு டிராப்டவுன் இல்லாத காரணத்தால் சாகக் கூடாது.

என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. ஒவ்வொரு நோய்ப் பதிவிலும் அது எவ்வகைக் கூற்று என்பதை எழுதுங்கள்: உடலில் காணப்படும் நிலையா, மருத்துவரின் கணிப்பா, நூல் கூறும் காரணமா. எந்த நூல், எந்தப் பாடம் என்று மூலத்தைக் காட்டுங்கள். 4448 நோய்கள் என்று மரபு சொல்கிறது. நூலுக்கு நூல் பிரிப்பு மாறுகிறது. அதில் ஒன்றைத் 'தரமானது' என்று எடுத்து மற்றதை நீக்காதீர்கள், இரண்டையும் வையுங்கள். ஐசிடியின் அடித்தளப் பகுதியே ஒரு நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாய்வகைகளை அனுமதிக்கிறது. புள்ளிவிவரத்துக்கான பட்டியலில் மட்டும்தான் ஒன்றை ஓரிடத்தில் எண்ண வேண்டும். பொருத்தம் சொன்னவர் யார், எந்த அடிப்படையில் சொன்னார் என்பதும் பதிவோடு போக வேண்டும். 'சேம்ஆஸ்' உறவை இரண்டு மருத்துவமுறைகளுக்கு நடுவே எங்கும் எழுதாதீர்கள்.

குழுவில் தத்துவம் படித்த ஒருவருக்கும் இடம் கொடுங்கள். நம் பல்கலைக்கழகங்களில் சைவ சித்தாந்தமும் தருக்கமும் படித்தவர்கள் இருக்கிறார்கள். வகைகளைப் பற்றி ஆயிரமாண்டுகளாக நடந்த சண்டையின் நுணுக்கம் அவர்கள் கையில் இருக்கிறது; நம் துறையோ அவர்களை ஒரு கூட்டத்துக்குக்கூட அழைப்பதில்லை. மருத்துவரும் மென்பொருளாளரும் மட்டும் பேசும்போது, 'சரி, ரெண்டும் ஒண்ணுதானே, போட்டுடலாம்' என்ற வாக்கியம் மிக விரைவில் வந்துவிடுகிறது. 'எந்த அர்த்தத்தில் ஒன்று?' என்று கேட்க மூன்றாவது ஆள் வேண்டும்.

தொடக்கமாக, பக்கவாதம் என்ற ஒரே பதிவை இந்த முறையில் எழுதி வரைவாகப் பொதுவில் வையுங்கள். சித்த ஆசான்களும் நரம்பியல் மருத்துவர்களும் தருக்கம் அறிந்தவர்களும் கருத்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு அதை ஸ்ட்ரோக்கோடு எந்த உறவில் இணைப்பது என்று முடிவு செய்யுங்கள். அந்த வரைவு வெளியானால் வரிவரியாகப் படித்து எழுத்தில் கருத்துத் தர நான் தயாராக இருக்கிறேன்.

நன்றியுடன்,
மருத்துவத் தரவுத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகி